கதவைத் திறக்காமல் இருபது நிமிடம்

அன்று குசினியில் இருந்தவர்கள் நாலு பேர். நான். பாத்திரம் கழுவும் ஜூட் அண்ணை. மனேச்சர் பமீலா. நாலாவது ஆள் அல்பேட். அவர் உள்ளே இருந்தார் என்றும் சொல்ல முடியாது, வெளியே இருந்தார் என்றும் சொல்ல முடியாது. அவருடைய சக்கர நாற்காலியின் முன்சில்லு இரண்டும் குசினிக்குள், பின்சில்லு இரண்டும் நடைபாதையில். முதியோர் இல்லத்தில் வசிக்கிறவர்கள் குசினிக்குள் வரக்கூடாது என்பது அங்கே சட்டம்.

"நான் வரேல்ல. என்ர சில்லுத்தான் வந்திருக்கு" என்றார் அல்பேட்.

ஆட்களை இவ்வளவு திருத்தமாக எழுதக் காரணம் உண்டு. பிறகு அந்த இல்லத்தில் அரைவாசிப் பேர் "நானும் அங்கதான் நின்றனான்" என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். ஒருவரும் நிற்கவில்லை. நாலே நாலு பேர்தான்.

போறணை அடுப்புக்குள் இரண்டு தட்டு. ஒரு தட்டுக்குப் பன்னிரண்டு குழி. மொத்தம் இருபத்துநாலு புடிங். சுவர் மணிக்கூட்டில் பதினொன்று நாற்பது. பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு. அதுவரைக்கும், அந்த இருபது நிமிடமும், போறணைக் கதவைத் திறக்கக்கூடாது.

என்னைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று விளங்கும். வீட்டைப் பூட்டிவிட்டுப் பஸ் தரிப்பு வரைக்கும் போய், பூட்டினேனா என்று பார்க்கத் திரும்பி வருகிறவள் நான். இந்தப் பத்திரிகைக்குப் போன வாரம் எழுதிய பனிச்சப்பாத்துக் கதையை அனுப்பிவிட்டு ஆசிரியருக்கு மூன்று தரம் தொலைபேசி எடுத்தேன், கிடைத்ததோ என்று கேட்க. மூன்றாம் தரம் அவர், "அம்மா, அது நேற்றே அச்சுக்குப் போயிட்டுது" என்றார். உடனே, அச்சில் பிழை வந்துவிடுமோ என்று அடுத்த கவலை பிடித்துக்கொண்டது.

இனிப்பில்லாத புடிங்

புடிங் என்றதும் நீங்கள் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் போட்ட வட்டிலப்பத்தை நினைக்கக்கூடாது. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

இது யோர்க்ஷயர் புடிங். இங்கிலாந்தின் வடக்குப் பக்கத்துச் சாப்பாடு. கோதுமை மா, முட்டை, பால், உப்பு. அவ்வளவுதான். தோசை மாவை விடத் தண்ணியாகக் கரைத்து, புகை வருகிற அளவுக்குக் காய்ந்த கொழுப்பில் ஊற்றிப் போறணைக்குள் தள்ள வேண்டும். ஒரு துளி சீனி கிடையாது. சரியாக வந்தால் அது குழியை விட்டு மேலே எழும்பும். விளிம்பு மொறுமொறுவென்று பழுப்பாக நிற்கும், நடு குழிந்திருக்கும். அந்தக் குழிக்குள் இறைச்சிச் சாறில் செய்த குழம்பை, அவர்கள் கிறேவி என்பதை, ஊற்றிச் சாப்பிடுவார்கள். அப்பத்துக்குக் கோபம் வந்து வீங்கினால் எப்படி இருக்கும், அப்படி இருக்கும்.

சரியாக வராவிட்டால் சப்பாத்துத் தோல்.

அந்த இல்லம் ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில், லோரன்ஸ் வீதியிலிருந்து உள்ளே திரும்பினால் வரும். சின்ன இடம், இருபத்திரண்டு பேர். முக்கால்வாசிப் பேர் சின்ன வயதில் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள், அல்லது அப்படி வந்தவர்களின் பிள்ளைகள். நான் ரூஜில் மகள் வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி அங்கே வேலைக்குப் போனேன். மரக்கறி வெட்டுவது, சூப் காய்ச்சுவது, தட்டுப் போடுவது. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவளுக்கு அது நல்ல வேலை. ஆங்கிலக் காகிதம் வாசிக்கத் தேவையில்லாத வேலை என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பும் பிழை, பிறகு சொல்கிறேன்.

ஒரு புதன்கிழமை சாப்பாட்டு அட்டையில் "குழிக்குள் தேரை" என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. ஜூட் அண்ணை அதை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டு, முகத்தை நேராக வைத்துக்கொண்டு, "தங்கச்சி, தேரை பின்பக்கம் பெட்டியில இருக்கு, நீதான் உரிக்கவேணும்" என்றார். நான் பின்பக்கம் போய்ப் பெட்டியைத் திறந்தே விட்டேன். உள்ளே சொசேஜ். அதே புடிங் மாவைச் சொசேஜின் மேல் ஊற்றி வேக வைப்பதற்குத்தான் அந்தப் பெயராம். அன்று மாலை வரைக்கும் அவர் சிரித்தார்.

ஜூட் அண்ணை மன்னார்ப் பக்கம். கத்தோலிக்கர். அறுபதைத் தாண்டியவர். மாட்டிறைச்சி சாப்பிடுவார். நான் சைவ சமயம். மீன், முட்டை சாப்பிடுவேன், வெள்ளிக்கிழமை தவிர. மாட்டிறைச்சி தொட்டதில்லை. இதை ஞாபகம் வைத்திருங்கள், கதையே இதில்தான் இருக்கிறது.

மூன்று ஞாயிறு

பெரிய சமையற்காரர் திடீரென்று வேலையை விட்டார். ஸ்ரௌவ்வில்லில் வீடு வாங்கிவிட்டார், அவ்வளவு தூரம் ஓடி வர ஏலாதாம். அந்த வாரமே மேலிடத்திலிருந்து ஒரு யோசனை வந்தது. இனி எல்லா நாள் சாப்பாட்டையும் வெளியிலிருந்து சமைத்து, உறையவைத்த தட்டுகளில் எடுப்பது. இங்கே சூடாக்கினால் போதும். சூடாக்க ஓர் ஆள் காணும்.

பமீலா என்னைக் கூப்பிட்டாள். சுற்றி வளைத்துக் கதைக்கத் தெரியாதவள்.

"மலர், உனக்கு இப்ப கிழமைக்கு அஞ்சு நாள் வேலை. அது வந்தா ரெண்டு நாள்தான். நான் மூண்டு ஞாயிறு தவணை கேட்டிருக்கிறன். நீ சமை. மூண்டாம் ஞாயிறு சாப்பிட்டு முடிய எல்லாரும் கை தூக்கட்டும். அவைக்குப் பிடிச்சா இந்தக் குசினி உன்ர."

"மூண்டு ஞாயிறும் என்ன சமைக்கிறது?"

"இறைச்சியை ஆரும் வாட்டலாம். வீட்டுச் சாப்பாடு மாதிரியோ எண்டு இவை கணக்குப் பாக்கிறது புடிங்கிலதான்."

ஐந்து நாள் இரண்டாகினால் என்ன நடக்கும் என்று எனக்கு உடனே கணக்கு ஓடிவிட்டது. மகளிடம் கையேந்த வேண்டும். மருமகன் ஒன்றும் சொல்லமாட்டார். அவர் ஒன்றும் சொல்லாமல் இருப்பதைத்தான் என்னால் தாங்க ஏலாது.

"செய்யிறன்" என்றேன். வாய் சொல்லிவிட்டது.

முதல் ஞாயிறு: சவுக்காரம்

அப்பம் சுடத் தெரிந்தவளுக்கு இது என்ன பெரிய வேலை என்று நினைத்தேன். மாவைக் கரைத்தேன். பார்த்தால் உப்பாது போல் இருந்தது. கை தானாகவே அப்பச்சோடாப் பக்கம் போனது. ஒரு சிட்டிகை. போதுமோ என்று இன்னொரு சிட்டிகை. போதாமல் போனால் என்ன செய்வது என்று மூன்றாவது.

சுட்டெடுத்தேன். கேக் போல வந்தது. கொழுப்பு, வாட்டிய மாட்டிறைச்சியிலிருந்து வடித்தது. அல்பேட் அதில்தான் செய்ய வேண்டும் என்று முதல் நாளே ஆள் அனுப்பிச் சொல்லியிருந்தார். ஆகவே நான் ருசி பார்க்க முடியாது. ஜூட் அண்ணையிடம் ஒன்றைக் கொடுத்தேன்.

அவர் கடித்தார். மென்றார். என்னைப் பார்த்தார். "அருமை" என்றார்.

ருசி பார்க்காமல் சமைப்பது எனக்குப் புதிதல்ல. எங்கள் வீடுகளில் படையலுக்குச் சமைக்கும்போது ஒருவரும் நாக்கில் வைத்துப் பார்ப்பதில்லை. சாமிக்குப் படைத்த பிறகுதான் எங்களுக்கு. கலியாணமான முதல் வருடம், பொங்கலன்று, சர்க்கரை காணுமோ என்று விரலை வாய்க்குக் கொண்டு போனேன். மாமி அகப்பையாலேயே கையில் தட்டினா. "மூக்கு எதுக்கு இருக்கு? காது எதுக்கு இருக்கு?" என்றா. அதற்குப் பிறகு நான் மணத்தையும் சத்தத்தையும் வைத்துத்தான் சமைப்பேன். பால் பொங்கும் முன் ஒரு சத்தம் போடும். கடுகு வெடித்து ஓயும்போது வேறு சத்தம். உப்புக் குறைந்த குழம்பின் மணம் கொஞ்சம் பச்சையாக இருக்கும்.

ஆனால் பழகிய சமையலுக்குத்தான் அந்த மூக்கு. யோர்க்ஷயர் புடிங்குக்கு என் மூக்கில் இடமே இருக்கவில்லை.

தட்டுகள் திரும்பி வந்தன. கிறேவி போயிருந்தது, இறைச்சி போயிருந்தது. புடிங் மட்டும் ஒரு கடியோடு அப்படியே இருந்தது. பின்னாலேயே சக்கர நாற்காலி.

"இதைச் சமைச்ச ஆள் ஆர்?"

அல்பேட்டை நான் அன்றுதான் கிட்டப் பார்த்தேன். யோர்க்ஷயரில் பிறந்து, இருபது வயதில் ரொறன்ரோவுக்கு வந்து, நாற்பது வருடம் செங்கல் அடுக்கியவர். விரல்கள் இன்னும் செங்கல் பிடித்தபடியே வளைந்திருந்தன. அவரும் பமீலாவும் பேசியதெல்லாம் ஆங்கிலம்தான். எனக்கு எப்படிக் கேட்டதோ அப்படி எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

"நான்தான்" என்றேன்.

"நீ சோடா போட்டனியோ?"

"ஓம்."

"பிள்ளை, நான் சின்னனில கெட்ட வார்த்தை கதைச்சதுக்கு அம்மா சவுக்காரக் கட்டியை வாயில வைச்சுத் தேய்ச்சவ. அதுக்குப் பிறகு இண்டைக்குத்தான்."

அவர் போனதும் ஜூட் அண்ணையைப் பிடித்தேன்.

"அண்ணை, சவுக்காரம் மாதிரியோ இருந்தது?"

அவர் குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர்ச் சத்தத்துக்குள் மெல்ல, "மாதிரி இல்லைத் தங்கச்சி. சவுக்காரமேதான்" என்றார்.

"பிறகேன் அருமை எண்டு சொன்னனியள்?"

"உன்ர முகத்தைப் பாத்தன்."

நான் கவலைப்படுவேன் என்று பயந்து பொய் சொல்லியிருக்கிறார். என்னைச் சுற்றியிருக்கிற நல்ல மனிதர்கள் எல்லோரும் செய்வது இதுதான். மகளும் செய்வாள். நான் பதறுவேன் என்று, நடந்ததைச் சொல்லமாட்டார்கள். பிறகு நடந்தது சவுக்காரமாக வந்து நிற்கும்.

"இனி உண்மையைச் சொல்லவேணும். மடு மாதா மேல சத்தியம் பண்ணுங்கோ."

"மாட்டுக் கொழுப்புக்குள்ள மாதாவை ஏன் இழுக்கிறாய்?"

"பண்ணுங்கோ."

கையைத் துடைத்துவிட்டுச் சத்தியம் பண்ணினார்.

இரண்டாம் ஞாயிறு: மிதித்த தொப்பி

சோடா இல்லை. முட்டை எவ்வளவோ அவ்வளவு மா, அவ்வளவு பால், கோப்பையால் அளந்து. கொழுப்பைப் புகைய விட்டேன். மாவை ஊற்றியதும் "சொய்ங்" என்று ஒரு சத்தம் வந்தது பாருங்கள், தாளிதம் போட்ட அதே சத்தம். அப்பாடா, தெரிந்த சத்தம் ஒன்று கிடைத்தது என்று நிம்மதி.

நிம்மதி ஐந்து நிமிடம் இருந்தது. உப்புகிறதோ என்று கதவைத் திறந்து பார்த்தேன். உப்பிக்கொண்டிருந்தது. சந்தோஷம். மூடினேன். தொடர்ந்து உப்புகிறதோ? திறந்தேன். கொஞ்சம் அமுங்கியது போல் இருந்தது. பதறி மூடினேன். மூடியதால் எரிந்துவிடுமோ என்று திறந்தேன். நாலாம் தரம் திறந்தபோது இருபத்துநாலும் யாரோ ஏறி மிதித்த தொப்பி போலக் கிடந்தன.

ஜூட் அண்ணை ஒன்றைக் கடித்துவிட்டு, "ருசி சரி. ஆனா றப்பர்" என்றார். சத்தியத்தைக் காப்பாற்றினார். எனக்கு அழுகை வந்தது, ஆனால் தெரிந்தது நல்லதுதான்.

அல்பேட் வந்தார்.

"எத்தினை தரம் திறந்தனி?"

"நாலு."

"நான் சுவர் கட்டின காலத்தில, சீமெந்து இறுகிட்டுதோ எண்டு செங்கல்லை ஆட்டி ஆட்டிப் பாக்கிற ஒருத்தன் இருந்தவன். அவன்ர சுவர் ஒண்டும் நிண்டதில்லை." பிறகு சட்டைப் பையைத் தட்டினார். "அஞ்சு டொலர் பந்தயம். வாற ஞாயிறும் நீ கதவைத் திறப்பாய்."

"திறக்கமாட்டன்."

"இருபது நிமிசம்?"

"இருபது நிமிசமும்."

நான் வாழ்க்கையில் பந்தயம் கட்டியதில்லை. அன்று கட்டினேன். அந்தக் கிழவன் சிரித்த சிரிப்பு அப்படி.

ரூஜைச் சுற்றி ஒரு நடை

அந்த வாரம் மகள் வீட்டில் ஒவ்வொரு நாளும் பழகினேன். அங்கே மரக்கறி எண்ணெய்தான், ஆகவே ருசியும் பார்க்கலாம். முதல் நாள் எண்ணெய் புகைந்து, புகை மணி வீடு முழுக்க அலறியது. மகள் மேலே கூட்டத்தில் இருந்தவள், கணினியைக் கையில் பிடித்தபடியே ஓடி வந்தாள்.

"அம்மா! சீரியஸ்லி? என்ன இது?"

"புடிங்."

"எங்களுக்கு ஆரு புடிங் கேட்டது?"

"உங்களுக்கில்லை. எனக்கு."

பழக வேண்டியிருந்தது சமையலை அல்ல, கதவைத் திறக்காமல் இருப்பதை. குசினியில் நின்றால் கை போகும். ஆகவே தட்டை உள்ளே வைத்ததும் குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே இறங்கினேன். கையில் நேரமணி. வீட்டைச் சுற்றி, தெருவைச் சுற்றி, பூங்காவைத் தாண்டி ஒரு சுற்று. சரியாக இருபது நிமிடம். எதிர்வீட்டு அன்ரி யன்னலைத் திறந்து, "பிள்ளை, வீட்டில ஏதும் பிரச்சினையோ?" என்று கேட்டா. "புடிங் வேகுது அன்ரி" என்றேன். அவ யன்னலை மூடினா.

நாலாம் நாள் திரும்பி வந்து கதவைத் திறந்தபோது, பன்னிரண்டும் கோபுரமாக நின்றன. ஒன்றை எடுத்துக் உறைப்பான கட்டைச் சம்பலைத் தொட்டுச் சாப்பிட்டேன். நல்லாயிருந்தது. மருமகன் மிச்சத்தில் வாழைப்பழமும் சீனியும் வைத்து மூன்று சாப்பிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அது வேறு விதமான ஒன்றும் சொல்லாமை.

எப்படிப் பரிமாறுவது என்பதிலும் ஒரு சண்டை இருந்தது. வெள்ளிக்கிழமை இல்லத்தில் எல்லோரிடமும் கேட்டேன். பெரும்பாலானோர் இறைச்சியோடு ஒரே தட்டில் வேண்டும் என்றார்கள். மேவிஸ் என்று ஒரு அம்மா, பேர்மிங்காமில் பிறந்தவ, மிஞ்சினதைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஸ்ட்ரோபெரி ஜாமோடு தர வேண்டும் என்றா. அல்பேட் மேசையில் குத்தினார்.

"முதல்ல புடிங். தனிய. வெங்காயக் கிறேவியோட. அதுக்குப் பிறகுதான் இறைச்சி. எங்கட அம்மா, புடிங் கனக்கச் சாப்பிடுறவைக்கு இறைச்சியும் கனக்கத் தருவன் எண்டு சொல்லுவா. நாங்கள் ஏழு பேரும் போட்டி போட்டுத் திண்டு வயித்தை நிரப்பிப்போடுவம். பிறகு ஒரு துண்டு இறைச்சி ஏழு பேருக்கும் காணும்."

"அது கஞ்சத்தனம்" என்றா மேவிஸ்.

"அது கணக்கு" என்றார் அல்பேட்.

நான் யோசித்தேன். இறைச்சியை வெட்டித் தட்டில் அடுக்கும் நேரத்தில் புடிங் ஆறி அமுங்கிவிடும். தனியாக, முதலில் கொடுத்தால், போறணையிலிருந்து நேரே மேசைக்கு. அந்தக் கிழவன் சொல்வதில் விஷயம் இருந்தது.

காகிதம்

இனித்தான் நான் பயந்த இடம்.

குசினிச் சுவரில் ஒரு படிவம் தொங்கும். ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் சூடு எவ்வளவு, எத்தனை மணி, கடைசிக் கட்டத்தில் "ருசி பார்த்தவர்". முந்திய இரண்டு ஞாயிறும் அதில் நான் என் கையெழுத்தைப் போட்டிருந்தேன். சமையற்காரர் போடுவது வழக்கம் என்று சொன்னார்கள், போட்டேன். ஆனால் ருசி பார்த்தவர் ஜூட் அண்ணை. நான் போட்டது பொய்.

மூன்றாம் ஞாயிறு காலை, பேனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் "ஜூட்" என்று எழுதினேன். எழுதிவிட்டு நானே போய்ப் பமீலாவைக் கூட்டி வந்தேன். அதனால்தான் அவள் அன்று குசினியில் நின்றாள்.

"நான் மாட்டிறைச்சி சாப்பிடுறேல்ல. கொழுப்பும் இல்லை. நான் ருசி பாக்கேல்ல. போன ரெண்டு தரமும் பாத்ததெண்டு போட்டது பொய்."

பமீலா படிவத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "இதை இண்டைக்கே சொல்லவேணுமோ மலர்? கை தூக்கிற நாளில?"

"வெண்ட பிறகு சொன்னா ஏமாத்தினமாதிரி. தோத்த பிறகு சொன்னா சாட்டுச் சொன்னமாதிரி. இப்பதான் சொல்லவேணும்."

அவள் பெருமூச்சு விட்டாள். "வேலை செய்யிற ஆரும் ருசி பாக்கலாம், சமைக்கிற ஆள்தான் பாக்கவேணுமெண்டு இல்லை. ஆனா பாக்காமல் எழுத்துப் போட்டது பிழை. அதைத் திங்கள் கதைப்பம். இப்ப சமை."

முதலில் ஒரே ஒரு புடிங் மட்டும் சுட்டேன், ருசிக்கு. ஜூட் அண்ணை வாங்கிக் கடித்தார். பமீலா பார்த்துக்கொண்டிருக்கிறாள். வாசலில் அல்பேட்டின் முன்சில்லு வந்துவிட்டது. அண்ணை என் முகத்தைப் பார்த்தார். நான் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டேன்.

"உப்புக் காணாது" என்றார்.

மிச்ச மாவில் உப்புப் போட்டேன். கலக்கினேன். முகர்ந்தேன். சற்று முன் இருந்த பச்சை மணம் இல்லை. என் மூக்கில் புடிங்குக்கும் இடம் கிடைத்துவிட்டது.

கொழுப்புப் புகைந்தது. ஊற்றினேன். சொய்ங். கதவை மூடினேன். பதினொன்று நாற்பது.

இருபது நிமிடம்

இல்லத்தைச் சுற்றி நடக்க ஏலாது, குசினியை விட்டுப் போகக்கூடாது. பால்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து, போறணைக்கு முதுகைக் காட்டி இருந்தேன். இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து, அதன் மேல் இருந்தேன்.

"அஞ்சு டொலரை எடுத்து வை" என்றார் அல்பேட்.

"நீங்கள் எடுத்து வையுங்கோ."

ஐந்தாம் நிமிடம் முட்டை மணம் வந்தது. ஏழாம் நிமிடம் மா வறுபடும் மணம். எனக்கு முதுகு வியர்த்தது. ஜூட் அண்ணை ஒரே கோப்பையைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டு நின்றார்.

பன்னிரண்டாம் நிமிடம் பமீலா மூக்கைச் சுருக்கினாள். "மலர், ஏதோ எரியுது."

எழும்பினேன். அது உண்மை. எரிகிற மணம்தான். அல்பேட் நாற்காலியில் முன்னுக்குச் சாய்ந்தார். பமீலா கதவுப் பிடிக்குக் கையைக் கொண்டு போனாள்.

நான் குனிந்து போறணைக் கண்ணாடிக்குக் கிட்டே முகத்தைக் கொண்டு போனேன். கண்ணாடி முழுக்க வருடக்கணக்கான கொழுப்பு. உள்ளே ஒன்றும் தெரியவில்லை. என் முகம்தான் மங்கலாகத் தெரிந்தது. கண்ணை மூடி மூச்சை இழுத்தேன். கருகுவது மா இல்லை. மா கருகினால் முதலில் ஒரு கசப்பு வரும், அது வரவில்லை. கொழுப்புச் சொட்டு கீழ்த்தகட்டில் விழுந்து எரிகிறது. அவ்வளவுதான்.

"எரியேல்ல" என்றேன். "கீழ விழுந்த கொழுப்பு. கையை எடுங்கோ."

பமீலா என் மனேச்சர். அவளிடம் நான் அப்படிக் கதைத்ததில்லை. அவள் கையை எடுத்தாள்.

"நிச்சயமோ?"

"ஓம்."

வாழ்க்கையில் அந்தச் சொல்லை நான் அப்படிச் சொன்னது குறைவு. "ஓம், எண்டுதான் நினைக்கிறன்" என்பேன். "ஓம், எதுக்கும் ஒருக்காப் பாப்பம்" என்பேன். அன்று "ஓம்" மட்டும்தான். திரும்பவும் பால்பெட்டியில் கைக்கு மேல் இருந்தேன்.

மணி அடித்தது. துணியைச் சுற்றிக் கதவைத் திறந்தேன்.

இருபத்துநாலும் எழும்பி நின்றன. சிலது சரிந்து, சிலது ஒன்றில் ஒன்று சாய்ந்து, பழுப்பாக, விளிம்பு நொருங்கும்படியாக. ஜூட் அண்ணை நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். அல்பேட் நாற்காலியைத் திருப்பி, முடிந்த வேகத்தில் சாப்பாட்டு மேசைக்கு ஓட்டினார்.

புடிங் முதலில், தனியாக, வெங்காயக் கிறேவியோடு போனது. வெளியே கரண்டிச் சத்தம் மட்டும். பிறகு தட்டுகள் வெறுமையாக வந்தன. மிஞ்சின இரண்டையும் ஜாமோடு மேவிஸுக்குக் கொடுத்தேன்.

பமீலா கை தூக்கச் சொன்னாள். அல்பேட் இரண்டு கையையும் தூக்கினார், அவள் ஒன்றைத்தான் எண்ணினாள். அப்படி எண்ணியும் பத்தொன்பது.

திங்கட்கிழமை எனக்கு இரண்டு கடிதம் தந்தாள். ஒன்று, படிவத்தில் பிழையாக எழுத்துப் போட்டதற்கு எச்சரிக்கை. மற்றது, கிழமைக்கு ஐந்து நாள் சமையற்காரர் வேலை. இரண்டையும் மகள் வாசித்துக் காட்டினாள். இரண்டையும் ஒரே உறையில்தான் வைத்திருக்கிறேன். படிவத்தில் இப்போது ருசிக் கட்டத்தில் ஜூட் அண்ணையின் எழுத்துத்தான் வருகிறது. "கிறேவி தண்ணி", "கரட் வேகேல்ல" என்று அவர் என் முகத்துக்கு நேரே சொல்லப் பழகிவிட்டார். நான் கேட்கப் பழகுகிறேன்.

அல்பேட்தான் இன்னும் சரிவரவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் முதல் புடிங்கை அவருக்கு வைக்கும்போது கையை நீட்டுவேன்.

"பந்தயம்?"

"நீ குனிஞ்சு பாத்தனி. நான் கண்டனான்."

"கதவு திறக்கேல்ல. கண்ணாடியில என்ர முகம்தான் தெரிஞ்சது."

"பாத்தது பாத்ததுதான். கிறேவியை ஊத்து."

ஊற்றுவேன். ஆனால் விட்டேன் என்று நினைக்க வேண்டாம். குசினியில் ஒரு வெள்ளைப் பலகை இருக்கிறது, எந்த இறைச்சியை எப்போது வெளியே எடுப்பது என்று எழுத. அதன் அடியில் நான் ஒரு வரி எழுதியிருக்கிறேன். சனிக்கிழமை பமீலா பலகையைத் துடைப்பாள். ஞாயிறு காலை, மாவைக் கரைக்க முன்னம், நான் திரும்ப எழுதுவேன்:

அல்பேட் தர வேண்டியது: ஐந்து டொலர்.